மறைப்பதும் திறப்பதும்
(பௌர்ணமி உபோசதக் கூட்டத்திற்குரிய பாடம்)

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி மலைக்குச் செல்லும் வழியில் கல்லாறு என்னும் சிற்றூர் உள்ளது. ஆற்றுக்கும் ஊருக்கும் ஒரே பெயர். மலையேறும் சாலையின் 22 கொண்டையூசி வளைவுகளும் இதனைக் கடந்த பின்னரே தொடங்குகின்றன. பெயருக்கேற்ப ஆற்றின் படுகை முழுவதும் உருண்டு வழுவழுத்த பாறைகள். ஆழமில்லாத இடங்களில் நீர் பளிங்கு போன்றது. அடியிலுள்ள கூழாங்கற்களை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். ஆனால் அதே ஆற்றில் வட்டக்கயம் போன்ற ஆழ்ந்த கயங்களும் உள்ளன. அவ்விடத்தில் நீராட இறங்கியோர் உயிரிழந்த நிகழ்ச்சிகள் பல. ஓசையிட்டுப் பாறைகளின்மேல் பாயும் நீர் அவ்வளவு அச்சம் தருவதன்று. ஓசையின்றிக் கிடக்கும் நீருக்கே நாம் அஞ்சவேண்டும்.

மனித உள்ளமும் இத்தகையதே. வாய்விட்டுப் புலம்புகிறவனின் துயரை அயலார் அறிவர், உடனே வந்து ஆறுதல் கூறுவர். முகத்தில் ஒன்றும் காட்டாது, உள்ளே ஒன்றை ஆழ அமிழ்த்தி வைத்திருப்பவனின் நிலையை யார் அறிவார்? அவன் மனைவியும் அறியாள். உடன் பணி செய்வோரும் அறியார். இவ்விதம் அமிழ்த்தி வைத்தவற்றைப் பெயர் கூறாமல், ஓவியத்தாலும் எழுத்தாலும் ஊரார் முன் வைக்கும் ஒரு வழக்கம் நம் காலத்தில் தோன்றியுள்ளது. அது எத்தகையது, அதனால் விளையும் நன்மை யாது, தீமை யாது, புத்த தருமத்தில் பயின்ற நாம் அதனை எவ்வாறு மதிப்பிட வேண்டும் என்பனவே இன்றைய பாடத்தின் பொருள்.

1. மூடாத கடிதம்

2004-ஆம் ஆண்டு இறுதியில், அமெரிக்க நாட்டின் வாஷிங்டன் நகரில், பிராங்க் வாரன் என்பவர் 3,000 தபால் அட்டைகளை அச்சிட்டார். ஒருபுறம் அவருடைய முகவரி, மறுபுறம் வெறுமை. அவற்றை முன்பின் அறியாத மனிதர்களிடம் கொடுத்தார். பொது இடங்களிலும் விட்டு வந்தார். அவர் வேண்டியவை இரண்டே. எழுதும் இரகசியம் உண்மையாயிருத்தல் வேண்டும். அதனை எழுதுவோர் அதற்குமுன் எவரிடமும் கூறியிருத்தல் கூடாது. பெயர் வேண்டியதில்லை. அட்டையைப் படத்தாலும் வண்ணத்தாலும் விரும்பியவாறு அணிசெய்து அனுப்பலாம்.

வந்த அட்டைகளை அவர் ஒரு கலைக்காட்சியில் மக்கள் பார்வைக்கு வைத்தார். காட்சி முடிந்தது, ஆயினும் அட்டைகள் வருவது நிற்கவில்லை. தாமே வாங்கிய அட்டைகளிலும் கிடைத்த காகிதங்களிலும் எழுதி, பல நாடுகளிலிருந்து மக்கள் அனுப்பத் தொடங்கினர். இதுவரை வந்தவை பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டவை. அவற்றில் தெரிந்தெடுத்தவை 2005 முதல் நூல்களாக வெளிவந்தன. 2015-இல் வாஷிங்டனிலுள்ள தேசியத் தபால் காட்சிச்சாலையிலும் வைக்கப்பட்டன.

இங்கு ஒரு வியப்பு உண்டு. இந்தியாவில் தபால் அட்டை 1879-இல் வழக்கிற்கு வந்தது. உறையிட்ட கடிதத்தைவிட அதற்குக் கட்டணம் குறைவு. ஆனால் தபால்காரர் முதல் வீட்டுச் சிறுவர் வரை எவரும் அதைப் படிக்கலாம். ஆதலின் நம் முன்னோர் அந்தரங்கமான எதனையும் அட்டையில் எழுதமாட்டார்கள். அப்படிப்பட்ட மூடாத கடிதத்தையே, வாழ்நாளெல்லாம் மூடிவைத்ததைச் சொல்வதற்கு இம்மக்கள் தேர்ந்துகொண்டனர். பெயர் மறைந்தவுடன் பொருளை மறைக்கவேண்டிய அச்சம் நீங்கிவிடுகிறது என்பதை இஃது உணர்த்துகிறது.

2. நம் நாட்டு வழக்கங்கள்

எழுதி வைத்து மனப்பாரத்தை இறக்கும் முறை நமக்குப் புதிதன்று. விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் உள்ளது. அங்கே 'பிராது கட்டுதல்' என்னும் வழக்கம் புகழ்பெற்றது. தமக்கு நேர்ந்த அநீதியையும் இழப்பையும் ஏக்கத்தையும் மக்கள் தாளில் எழுதி, சந்நிதியில் வைத்து, பின்னர் முனியப்பர் முன்னுள்ள வேலில் கட்டிவிடுகின்றனர். குறை தீர்ந்தபின் மீண்டும் வந்து அப்பிராதை முறைப்படி விலக்கிக்கொள்வர்.

டில்லியில் பிரோஷ் ஷா துக்ளக் 1354-இல் கட்டத் தொடங்கிய கோட்டையின் இடிபாடுகளில், வியாழக்கிழமைதோறும் மக்கள் விளக்கேற்றி, அங்கு வாழ்வதாக நம்பப்படும் ஜின்களுக்குக் கடிதங்கள் வைக்கின்றனர். கடன், நோய், பிள்ளையின் போக்கு, கணவனின் கொடுமை முதலிய யாவும் அவற்றில் இடம்பெறுகின்றன. அதே இடிபாட்டின் உச்சியில் நிற்பது அசோக மன்னரின் தூண் என்பதை நம் வாசகர்கள் நினைவிற் கொள்வார்களாக. அத்தூணைப் பற்றிப் பின்னரும் எண்ண இடமுண்டு.

இவ்வழக்கங்களுக்கும் தபால் அட்டைக்கும் வேறுபாடு யாது? கோயிலிலும் கோட்டையிலும் எழுதுகிறவர் தம் பெயரையும் ஊரையும் தெளிவாக எழுதுகிறார். உதவி தம்மைத் தேடி வரவேண்டும் அல்லவா? அவர் வேண்டுவது குறை தீர்தல். அட்டை எழுதுகிறவரோ ஒன்றும் வேண்டுவதில்லை. எவரோ ஒரு மனிதர் இதனைப் படித்தார் என்பது மட்டுமே அவருக்குக் கிடைக்கும் பயன். அது சிறிய பயன்போல் தோன்றலாம். சிறிதன்று என்பதைக் கீழே காண்போம்.

3. மறைத்தல் ஏன் வருத்துகிறது?

அமெரிக்க உளநூலார் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்பவர் தம் துணையாளருடன் 1986-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். 46 கல்லூரி மாணவர்கள் நான்கு நாட்கள், நாள்தோறும் 15 நிமிடம் எழுதினர். சிலர் அற்பச் செய்திகளை எழுத, மற்றவர் தம் வாழ்வின் பெருந்துயரை எழுதினர். துயரை எழுதியவர்களுக்கு அப்போதைக்கு மனம் கலங்கியது; இரத்த அழுத்தமும் ஏறியது. ஆனால் நிகழ்ச்சியையும் அதனால் எழுந்த உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த ஆறு மாதங்களில் மருத்துவரை நாடியது குறைந்தது. 2006-இல் இத்தகைய 146 ஆராய்ச்சிகளை ஒருங்கே ஆராய்ந்தபோது, பயன் உண்டு, ஆனால் அது சிறிதே என்று முடிவாயிற்று. எழுதினால் எல்லாம் தீரும் என்பாரும், எழுதுவதால் யாதொரு பயனும் இல்லை என்பாரும் ஆகிய இருவரும் இதனைக் கருதவேண்டும்.

2017-இல் மைக்கேல் ஸ்லெப்பியன் என்பவரும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னும் நுட்பமானது. இரகசியம் மனிதனை எப்போது வருத்துகிறது? பிறர் கேட்கும்போது அதனை ஒளிக்கும் முயற்சியால் என்றே நாம் எண்ணுவோம். ஆனால் ஒளிக்கவேண்டிய வேளைகளைவிட, தனித்திருக்கையில் மனம் தானாகவே அதனிடம் திரும்பித் திரும்பிச் செல்லும் வேளைகளே மிகுதி என்றும், நலத்தைக் கெடுப்பது அதுவே என்றும் அவர்கள் கண்டனர்.

தியானத்தில் பழகியோர்க்கு இது புதிய செய்தியன்று. கண்மூடி அமர்ந்தவுடன் மனம் எங்கே ஓடுகிறது என்று பார்த்தவர்கள், தழும்பைச் சொறியும் விரல்போல அது ஓரிடத்திற்கே மீள்வதை அறிவார்கள். வருந்திக் குழம்பும் இந்நிலையைப் பகவான் புத்தர் ஐந்து நீவரணங்களுள் ஒன்றாக, அதாவது மனத்தெளிவை மறைக்கும் தடைகளுள் ஒன்றாக எண்ணியிருக்கிறார்.

4. சங்கத்தில் திறக்கும் முறை

பிக்கு சங்கத்தில் அமாவாசையிலும் பௌர்ணமியிலும் உபோசதம் கூடும். தேரவாத மரபில் பிக்குகளுக்குரிய 227 விதிகளும் அன்று ஓதப்படும். குற்றமுடையோர் வெளிப்படுத்துக என்றும், இல்லாதோர் வாளா இருக்க என்றும் அறிவிக்கப்படும். மும்முறை கேட்டும், நினைவிருந்தும் கூறாதவர் அறிந்தே பொய் சொன்னவர் ஆவார். அதாவது, அக்கூட்டத்தில் மௌனமும் ஒரு சொல்லாகக் கொள்ளப்படுகிறது.

சங்காதிசேசம் எனப்படும் கடுங்குற்றங்களைப் பற்றிய விதி இன்னும் சிந்திக்கத் தக்கது. அக்குற்றத்தைச் செய்து மறைத்த பிக்கு, எத்தனை நாள் மறைத்தாரோ அத்தனை நாள் பரிவாசம் என்னும் தாழ்நிலையில் ஒழுகுதல் வேண்டும். அதன்பின் ஆறு இரவுகள் மானத்தம். உடனே வெளிப்படுத்தியவருக்குப் பரிவாசம் இல்லை. ஆறு இரவுகளே போதும். குற்றம் ஒன்றே, மறைத்த காலம் மட்டுமே வேறு. மறைத்தல் நாளுக்கு நாள் வளரும் ஒரு கடன் என்று இதனினும் தெளிவாகக் கூறுவது அரிது.

தம் மகனாகிய இராகுலருக்குப் பகவான் அம்பலட்டிகையில் அளித்த உபதேசத்தையும் நோக்குவோம். கண்ணாடி பார்ப்பதற்கு எவ்வாறு பயன்படுகிறதோ, அவ்வாறே செய்யுமுன்னும், செய்யும்போதும், செய்தபின்னும் தன் செயலைப் பார்க்க வேண்டும் என்றார். உடலாலும் சொல்லாலும் செய்த தீமையை ஆசானிடமோ அறிவுடைய உடன்பயில்வோரிடமோ திறந்து கூறி, இனிச் செய்யாதவாறு காத்துக்கொள்ளச் சொன்னார். அசோக மன்னர் பைராட் கல்வெட்டில், பிக்குகளும் இல்லறத்தாரும் அடிக்கடி கேட்கவேண்டியவை என்று சில உபதேசங்களைக் குறித்தபோது, பொய்யைப் பற்றி இராகுலருக்குக் கூறிய உபதேசத்தையும் பெயர் சுட்டிக் குறித்தார்.

இங்கு ஒரு வேறுபாடு புலனாகும். தருமத்தில் திறத்தல் என்பது முகமறிந்த ஒருவரிடம் திறப்பதாகும். கேட்பவர் 'இனிக் காத்துக்கொள்க' என்று சொல்லும் பொறுப்புடையவர். சொல்பவர் நாளையும் அவர் முகத்தில் விழிக்க வேண்டியவர். பெயரில்லாத அட்டைக்கு இந்த இரண்டாம் பாதி இல்லை. எழுதித் தபாற்பெட்டியில் இட்டவன், மறுநாளே அதே தீமையைச் செய்தாலும் கேட்பாரில்லை.

5. சொன்னதால் அழிவதில்லை

மகத மன்னன் அஜாதசத்து தன் தந்தை பிம்பிசாரரைக் கொன்று அரியணை ஏறியவன். ஒரு பௌர்ணமி இரவில் பகவானிடம் வந்து, தருமம் கேட்டு, இறுதியில் தன் குற்றத்தைத் தன் வாயாலேயே கூறினான். பகவான் அதனை ஏற்றார். குற்றத்தைக் குற்றமாகக் கண்டு, வெளிப்படுத்தி, இனிக் காத்துக்கொள்வது வளர்ச்சி என்றார். ஆயினும் அவன் சென்றபின் பிக்குகளை நோக்கி, தந்தையைக் கொல்லாதிருந்தால் இவ்விடத்திலேயே இவனுக்குத் தருமக்கண் திறந்திருக்கும் என்று கூறினார். வெளிப்படுத்தியதால் வினை அழியவில்லை. வழி மட்டும் திறந்தது.

அசோகரின் வரலாறு இதனினும் நுண்ணியது. முடிசூடிய எட்டாம் ஆண்டிற்குப்பின் வென்ற கலிங்கத்தில் ஓரிலட்சம் பேர் கொல்லப்பட்டதையும், ஒன்றரை இலட்சம் பேர் நாடு கடத்தப்பட்டதையும், அதனால் தாம் வருந்துவதையும் 13-ஆம் பாறைச் சாசனத்தில் தம் பெயராலேயே வெட்டுவித்தார். சோழ பாண்டியர் பெயர்களையும் கூறும் சாசனம் அது. ஆனால் கலிங்க நாட்டிலேயுள்ள தௌலியிலும் ஜௌகடத்திலும் அச்சாசனம் இல்லை. அதற்கு மாறாக வேறு சாசனங்கள் உள்ளன. தொலைவில் உள்ளோர்க்கெல்லாம் கூறிய வருத்தத்தை, துன்புற்றவர் கண்முன் மட்டும் மன்னர் வெட்டுவிக்கவில்லை. அதன் காரணம் எதுவாயினும், நாம் கற்கவேண்டியது ஒன்றுண்டு. அயலாரிடம் திறப்பது எளிது. நாம் புண்படுத்தியவரிடம் திறப்பதே அரிது. முதலாவது, இரண்டாவதற்குப் படியாக அமையலாம். அதற்கு ஈடாக அமையாது.

6. தன் குற்றமல்லாத இரகசியம்

இதுவரை கூறியவை நாம் செய்தவற்றைப் பற்றியவை. ஆனால் மக்கள் மறைத்து வைப்பவற்றுள் பிறர் தமக்குச் செய்தவையும் உள. சிறு வயதில் உறவினர் செய்த கொடுமை, பேருந்தில் நேர்ந்த இழிவு, வீட்டுக்குள் விழுந்த அடி முதலியவற்றை அனுபவித்தவரே வெட்கித் தலைகுனிந்து மறைக்கிறார். செய்தவனோ நிமிர்ந்து நடக்கிறான்.

2003-இல் பெங்களூரில் ஜாஸ்மீன் பதேஜா என்னும் கலைஞர், மாணவியாயிருந்தபோது, 'பிளாங்க் நாய்ஸ்' என்னும் முயற்சியைத் தொடங்கினார். தெருவில் பெண்கள் படும் தொல்லையைப் பற்றியது அது. அதன் ஒரு பகுதியாக, தொல்லைக்குள்ளான நாளில் தாம் உடுத்தியிருந்த ஆடையைப் பெண்கள் கொண்டுவந்து கொடுத்தனர். அவ்வாடைகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. எளிய சேலை, சுடிதார், பள்ளிச் சீருடை என எல்லாவகை ஆடையும் அங்கே தொங்கும்போது, 'நீ உடுத்திய விதம்தான் காரணம்' என்னும் பழி தானே உதிர்கிறது.

இதனைப் பாவ அறிக்கை என்று அழைத்தல் பெருந்தவறு. துன்புற்றவருக்குத் தேசனை இல்லை. அவர் காத்துக்கொள்ளாமையால் நேர்ந்தது என்று தருமத்தில் எங்கும் இல்லை. அவருக்கு வேண்டியது பொறுத்தருளல் அன்று. 'இது உன் குற்றமன்று' என்று சொல்லும் ஒரு குரல். பெயரில்லாக் காட்சி அக்குரலை அவருக்கு அளிக்கிறது. தன்னைப்போல் பலர் உளர் என்பதையும் காட்டுகிறது. சாவத்தி நகரில் இறந்த குழந்தையை ஏந்திய கிசாகோதமி, சாவு நேராத வீட்டிலிருந்து கடுகு பெறச் சென்று, வீடுதோறும் ஏறி இறங்கிக் கற்ற பாடமும் இதுவே. கதவுக்குக் கதவு துயர் இருப்பதைக் கண்டபின் அவள் தன் துயரில் தனியளாக இல்லை.

7. நம் சங்கங்களில் செய்யத் தக்கது

இத்தகைய காட்சியை நம் மன்றங்களில் நடத்த விழைவோர்க்குச் சிலவற்றைக் கூறுவோம். நல்வாய்மைக்குரிய இலக்கணங்கள், அதாவது உண்மை, இனிமை, பயன், காலமறிதல், அன்புள்ளம் ஆகிய ஐந்தும், பெயரில்லாத சொல்லுக்கும் உரியவையே.

முதலாவது, எழுதுவோர் தம் இரகசியத்தை மட்டுமே எழுதுக. பிறர் பெயரோ, ஊரோ, அடையாளமோ கூடாது. பெயரின்றி ஒருவர்மேல் சாட்டும் பழி, இருளிலிருந்து எறியும் கல்லாகும்.

இரண்டாவது, சிற்றூரில் கையெழுத்தே பெயராகிவிடும். ஆதலின் படம் வரைந்தோ, பழைய பத்திரிகைகளின் எழுத்துகளை வெட்டி ஒட்டியோ அட்டையை அமைக்கச் செய்க. பெட்டியை எவர் கண்ணும் படாத இடத்தில், பல நாட்கள் வைக்க. கலை இங்கு அழகுக்காக மட்டுமன்று. எழுதுவோரைக் காக்கும் திரையாகவும் அது நிற்கிறது.

மூன்றாவது, நம்பத் தகுந்த இருவர் முன்னதாக எல்லாவற்றையும் படிக்க. காட்சிக்கு வந்தோர் நகைக்கவும், 'இது யாராயிருக்கும்' என்று ஊகிக்கவும் இடந்தரலாகாது. படம் பிடித்தலும் கூடாது.

நான்காவது, மிக முக்கியமானது. 'நான் வாழ விரும்பவில்லை' என்று ஓர் அட்டை வந்தால் என் செய்வது? பெயர் இல்லாமையால் அவரைத் தேடிச் செல்ல இயலாது. பெயரின்மை அளித்த அடைக்கலமே இங்குச் சுவராகிவிடுகிறது. ஆதலின் பெட்டியின் மேலேயே, அட்டையின் ஓரத்திலேயே, உதவி கிடைக்கும் இடத்தை எழுதி வைத்தல் வேண்டும். பிராங்க் வாரன் முன்பே தற்கொலைத் தடுப்புத் தொலைபேசிப் பணியில் தொண்டாற்றியவர். அவருடைய முயற்சியில் கூடியோர் அப்பணிக்குப் பத்து இலட்சம் டாலருக்கு மேல் திரட்டினர். நம் நாட்டில் சென்னையில் 1986-இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் நிறுவிய சிநேகாவும், இலங்கையில் 1974-இல் தோன்றிய சுமித்திரயோவும் பெயர் வற்புறுத்தாது கேட்கும் தொண்டினையே செய்கின்றன. இந்திய அரசு 2022-இல் தொடங்கிய 14416 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணில் தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். குழந்தைக்குக் கொடுமை நிகழ்வதாக அறிய நேர்ந்தால், 2012-ஆம் ஆண்டுச் சட்டப்படி காவல் துறைக்கு அறிவிப்பது நம் ஒவ்வொருவரின் கடமை. அதனை இரகசியமென்று காப்பது அறமன்று.

முடிவுரை

பெயரில்லா அட்டை முடிவான மருந்தன்று; ஆனால் பூட்டிக் கிடந்த கதவின் முதல் அசைவு. செய்த தவறாயின், அட்டையில் எழுதிய கை, என்றேனும் ஒரு கல்யாணமித்திரரின் வாயிற்கதவைத் தட்டுமாக, புண்பட்டவரிடமும் செல்லுமாக. பட்ட துன்பமாயின், சுமந்தவர் அதனை வைத்துவிட்டு நிமிர்ந்து செல்வாராக. நமக்கும் ஒரு கடமை உண்டு. நாம் யாருக்கு அஞ்சத்தக்கவராய் இருக்கிறோம்? நம் வீட்டில் எவர் நம்மிடம் ஒன்றைச் சொல்ல வாயெடுத்து, நம் முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டார்? மறைப்பவரை மட்டும் குறை கூறாது, கேட்கத் தகுதியுடையோராய் நம்மை ஆக்கிக்கொள்வதும் சீலமே.

கல்லாற்றுப் பாறைகள் முதலில் கூர்மையாயிருந்தவையே. ஒன்றோடொன்று உராய்ந்து, ஓடும் நீரில் கிடந்து, அவை வழுவழுத்தன. ஓடாத கயத்தில் கிடக்கும் கல்லுக்கு அந்தப் பேறு இல்லை.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. மறைத்த நாட்களின் அளவே பரிவாசமும் அமைந்ததன் கருத்து யாது?
2. அஜாதசத்துவின் வெளிப்பாடு அவனுக்கு எதனை அளித்தது? எதனை அளிக்கவில்லை?
3. செய்த தவற்றை மறைப்பதற்கும், பட்ட துன்பத்தை மறைப்பதற்கும் உள்ள வேற்றுமையை விளக்குக.
4. பெயரில்லாது வந்த ஒரு துயரை அறிந்தபின், பெயருடைய நம் அயலாரிடம் நாம் நடக்கும் முறை எவ்வாறு மாறவேண்டும்?